டீசல்ங்கிறது ஒரு ஆளோட பேரு

பெரியார் பஸ் ஸ்டாண்டுல டவுன் பஸ்ஸுக்காக நின்ன எல்லாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். டிரைவர் ஸ்டார்ட் பண்ணினதும் பஸ் மொத்தமும் ஒரு குலுக்கல், அப்புறம் தடதடன்னு ஒரு ஓட்டம், பின்னாடி கரும்புகை. டீசல் வண்டின்னு சொல்லிட்டு நாம ஏறி உட்கார்ந்துடுறோம். அந்த டீசல் முதல்ல ஒரு மனுஷனோட பேருன்னு எத்தனை பேர் யோசிச்சிருப்போம்? மெக்கானிக்கல் படிக்கிற நானே டீசல் சைக்கிள் படத்தை பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணினேனே தவிர, அந்த ஆள் யாருன்னு தேடிப் பார்த்ததில்ல.

தேட வச்சது ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். தலைப்பு, காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து பயோடீசல். அறிமுகப் பகுதிக்காக நெட்ல பார்த்தா, நிறைய ரிப்போர்ட் ஒரே மாதிரி ஆரம்பிக்குது: ருடால்ஃப் டீசல் தாவர எண்ணெயில ஓடுறதுக்காகவே தன் இன்ஜினைக் கண்டுபிடிச்சாராம். நானும் அதை அப்படியே எடுத்து ஒட்டினேன். முதல் ரிவ்யூவுல மேடம் கேட்டது ஒரே கேள்விதான், இது உனக்கு எப்படித் தெரியும்னு. என்கிட்ட பதில் இல்ல. அன்னைக்கு ராத்திரி அவரோட கதையைப் படிக்க உட்கார்ந்தேன். படிச்சு முடிச்சப்போ ப்ராஜெக்ட் மேல இருந்த என் பார்வையே மாறிடுச்சு. அதான் உங்ககிட்டயும் சொல்லிடலாம்னு.

பாரிஸ்ல பிறந்த ஜெர்மன் பையன்

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18ஆம் தேதி பாரிஸில் பிறந்தார். அப்பா தியோடர், அம்மா எலிசே. ரெண்டு பேரும் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பாவுக்குத் தோல் பொருட்கள் செய்யும் தொழில், பெரிய வசதி ஒண்ணும் இல்ல. 1870ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸில் இருந்த ஜெர்மானியர்கள் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டிய நிலை. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கேயும் கஷ்டம்தான். பன்னிரண்டு வயசுப் பையனை மட்டும் ஜெர்மனியில் அவுக்ஸ்பர்க் நகரத்தில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அந்த வீட்டுக்காரர் ஒரு கணக்கு வாத்தியார். பையன் படிப்பில் ஒட்டிக்கொண்டான்.

நம்ம ஊர்ல ஸ்காலர்ஷிப்பை நம்பி இன்ஜினியரிங் சேர்றவங்க இருக்காங்களே, டீசலும் அந்த வகைதான். உதவித்தொகையோடு மியூனிக் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர் கார்ல் ஃபான் லிண்டே, குளிர்சாதனத் துறையின் முன்னோடி. 1879ல் இறுதித் தேர்வு நேரத்தில் டைபாய்டு காய்ச்சல் வந்து டீசலால் பரீட்சை எழுத முடியவில்லை. அடுத்த பரீட்சை வரும் வரை சுவிட்சர்லாந்தில் சுல்சர் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் வேலை கத்துக்கிட்டு, 1880 ஜனவரியில் எழுதி மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு பாஸ் பண்ணினார். அரியர் மாதிரி தள்ளிப்போன பரீட்சை வாழ்க்கையை முடிச்சுடாது, நம்பலாம்.

லிண்டேயின் வகுப்பில் அவர் மனசில் தைத்த விஷயம் ஒண்ணு உண்டு. அந்தக் காலத்து நீராவி இன்ஜின், எரிக்கிற நிலக்கரியின் வெப்பத்தில் சுமார் 10 சதவீதத்தை மட்டும்தான் வேலையாக மாத்தியது. மீதி அத்தனையும் வீண். கார்னோ என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி வைத்த தியரிப்படி பார்த்தால் இதைவிட எத்தனையோ மடங்கு எடுக்க முடியும். அந்த வீணாப்போற 90 சதவீதம்தான் டீசலை அதுக்கப்புறம் தூங்க விடவில்லை.

73க்கும் 26க்கும் நடுவுல

படிப்பு முடிஞ்சதும் பாரிஸில் லிண்டேயின் ஐஸ் ஃபேக்டரியில் வேலை. 1883ல் மார்த்தாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார், மூணு குழந்தைகள். பகல்ல ஐஸ் வேலை, மத்த நேரத்தில் சொந்த ஆராய்ச்சி. தண்ணீருக்குப் பதிலா அம்மோனியா ஆவியில் ஓடும் இன்ஜினுக்கு வருஷக்கணக்கில் முயற்சி செய்தார். அது சரிவரவில்லை.

அப்புறம்தான் இன்னொரு யோசனை வந்தது. நீங்க சைக்கிளுக்குக் காத்து அடிக்கும்போது பம்ப் சூடாகுமில்லையா, அதே விஷயம்தான். சிலிண்டருக்குள் வெறும் காற்றை மட்டும் விட்டு நல்லா அழுத்தினால் அது பல நூறு டிகிரி சூடாகும். அந்தச் சூட்டில் எரிபொருளைப் பீய்ச்சினால் தானாகவே பத்திக்கும். ஸ்பார்க் பிளக் தேவையே இல்ல. இதுக்கு 1892ல் ஜெர்மனியில் விண்ணப்பித்து 1893 பிப்ரவரியில் பேட்டன்ட் வாங்கினார். அதே வருஷம் இதை விளக்கி ஒரு புத்தகமும் போட்டார். பேப்பரில் அவர் போட்ட கணக்குப்படி தியரிட்டிகல் எஃபிஷியன்சி 73 சதவீதம்!

இங்கதான் நாம கவனிக்கணும். அவர் முதலில் மனசில் வைத்திருந்த எரிபொருள்கள்ல முக்கியமானது நிலக்கரித் தூள். தாவர எண்ணெய் இல்ல. என் ரிப்போர்ட்டோட முதல் வரி இங்கேயே அடிபட்டுப் போச்சு.

அவுக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் க்ரூப் நிறுவனமும் அவரை நம்பி இடமும் பணமும் கொடுத்தன. 1893 ஆகஸ்ட் 10ஆம் தேதி முதல் சோதனை. எரிபொருள் உள்ளே போனதும் சிலிண்டரில் பிரஷர் எகிறி, அளக்கிற இன்டிகேட்டர் வெடித்துச் சிதறியது. பக்கத்தில் நின்றவர்கள் தப்பித்தது பெரிய விஷயம். ஆனா காற்றை அழுத்தினால் எரிபொருள் தானா பத்தும் என்பது அன்னைக்கு நிரூபணம் ஆச்சு. 1894 பிப்ரவரி 17ல் இன்ஜின் முதல் தடவையா சொந்த சக்தியில் ஓடியது, ஒரே ஒரு நிமிஷம், 88 சுற்று. அதன்பிறகு திரும்பத் திரும்பப் பிரிச்சு, மாத்தி, பூட்டி இன்னும் மூணு வருஷம். 1897 பிப்ரவரி 17ல் மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து அதிகாரப்பூர்வமாக அளந்தார். சுமார் 20 குதிரைத்திறன், எஃபிஷியன்சி 26.2 சதவீதம்.

73 எங்கே, 26 எங்கே? ஆனா உலகத்தில் அப்போ இருந்த எந்த வெப்ப இன்ஜினையும் விட அது அதிகம். பேப்பர்ல போட்ட எண்ணுக்கும் ஒர்க்‌ஷாப்ல கிடைச்ச எண்ணுக்கும் நடுவுல கிட்டத்தட்ட நாலு வருஷ உழைப்பு இருந்தது. இந்த நாலு வருஷத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, அப்புறம் தேவைப்படும்.

பணம் வந்தது, நிம்மதி போச்சு

சோதனை ஜெயிச்சதும் உலகமே வரிசையில் நின்றது. அமெரிக்க பீர் முதலாளி அடால்ஃபஸ் புஷ் தன் நாட்டு உரிமைக்கு மட்டும் பத்து லட்சம் மார்க் கொடுத்தார். நாற்பது வயசுல டீசல் கோடீஸ்வரர். மியூனிக்கில் மாளிகை கட்டினார்.

ஆனா லேப்ல ஒரு இன்ஜின் ஓடுறது வேற, கஸ்டமர் இடத்தில தினமும் ஓடுறது வேற. அவசரமா சந்தைக்குப் போன ஆரம்பகால இன்ஜின்கள் அடிக்கடி மக்கர் பண்ணின. வாங்கினவர்கள் சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். பேட்டன்ட் வழக்குகள் வேற. டீசலுக்கு மனமும் உடம்பும் தளர்ந்து சிகிச்சைக்காகத் தங்கும் அளவுக்குப் போனது. கையில் வந்த பணத்தை நிலத்திலும் வேற தொழில்களிலும் போட்டார், அதில் நிறைய நஷ்டம். தொழிலாளர்களே முதல் போட்டு நடத்தும் கூட்டுறவு ஆலைகள் பற்றி 1903ல் ஒரு புத்தகம் எழுதினார். அதை வாங்கிப் படிக்க ஆளில்லை.

கடலெண்ணெயில ஓடின இன்ஜின்

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். 1900ல் பாரிஸ் உலகக் கண்காட்சி. டீசல் பிறந்த அதே ஊர். அங்கே ஓட்டோ கம்பெனி வைத்திருந்த ஒரு சின்ன டீசல் இன்ஜின், பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டதால், கடலெண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது. ஆப்பிரிக்கக் காலனிகளில் நிலக்கடலை நிறைய விளையுது, வெளியிலிருந்து எரிபொருள் கொண்டுபோகாமல் அங்கேயே இன்ஜினை ஓட்டலாமே என்பது அரசோட கணக்கு. இன்ஜினில் எந்த மாற்றமும் செய்யலையாம், வித்தியாசம் யாருக்கும் தெரியவும் இல்லையாம்.

அதாவது யோசனை டீசலோடது இல்ல. ஆனா அவர் அதைப் பிடிச்சுக்கிட்டார். பிறகு தானும் தாவர எண்ணெயைச் சோதித்துப் பார்த்தார். 1912ல் பேசும்போது, இன்னைக்கு இது சின்ன விஷயமாத் தெரியலாம், ஆனா ஒருநாள் பெட்ரோலியம் அளவுக்கு முக்கியமாகலாம் என்ற பொருளில் சொன்னார். அதே வருஷம் செலாண்டியா என்ற டென்மார்க் கப்பல் டீசல் இன்ஜினோடு கடல் தாண்டி பாங்காக் வரை போய் வந்தது. அவரோட இன்ஜின் ஜெயிச்சது. தாவர எண்ணெய் மட்டும் ஜெயிக்கல. பெட்ரோலிய எண்ணெய் மலிவாகக் கிடைச்சது, காரணம் அவ்வளவுதான்.

எண்ணெய் தட்டுப்பாடு வரும்போது மட்டும் நமக்கு மாற்று எரிபொருள் ஞாபகம் வரும். மதுரையே இதுக்கு சாட்சி. 1911ல் இங்கே கம்பெனி தொடங்கின டி.வி. சுந்தரம் அய்யங்கார், இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, வண்டியை ஓட்ட கேஸ் பிளான்ட் தயாரித்தார். போர் முடிஞ்சு பெட்ரோல் திரும்பி வந்தது, கேஸ் பிளான்ட் மறந்து போனது.

நம்ம ஊரு காட்டாமணக்கு

அடுத்த அலை 2000க்குப் பிறகு வந்தது. இந்த முறை கதாநாயகன் காட்டாமணக்கு. சில ஊர்ல ஆதாளைன்னும் சொல்வாங்க. நீங்க கிராமத்துல வளர்ந்திருந்தா இலைக்காம்பை ஒடிச்சு, அந்தப் பாலை ஊதி முட்டை விட்டிருப்பீங்க. வேலிச்செடி. ஆடு மாடு வாய் வைக்காது. கொட்டை விஷம், அதைத் தின்னுட்டு வாந்தி மயக்கத்தோட பிள்ளைங்க ஆஸ்பத்திரியில் சேர்ற செய்தி அடிக்கடி வரும். சொந்த ஊர் மத்திய அமெரிக்கா. போர்ச்சுகீசியர்கள் வழியாக உலகம் சுத்தி வந்த செடி.

இதுல என்ன நம்பிக்கை? கொட்டையில் ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு எண்ணெய். சாப்பிட முடியாத எண்ணெய், அதனால சோத்துக்கும் வண்டிக்கும் சண்டை வராது. வறட்சி தாங்கும், தரிசுல வரும். மெத்தனாலும் கொஞ்சம் காரமும் சேர்த்து 60 டிகிரி பக்கத்தில் வச்சுக் கலக்கினா பயோடீசலும் கிளிசரினும் பிரிஞ்சிடும். அந்த பயோடீசல்ல கந்தகம் கிட்டத்தட்ட இல்ல, புகை குறைவு, சீக்கிரம் தீப்பிடிக்காது என்பதால் சேமிக்கவும் பாதுகாப்பு. 2002 டிசம்பர் 31ல் டெல்லி-அமிர்தசரஸ் ரயில் ஒண்ணு 5 சதவீத பயோடீசல் கலந்து ஓடியது. 2003ல் திட்டக்குழு அறிக்கை வந்தது, சில வருஷத்தில் டீசலில் 20 சதவீதம் கலக்கணும் என்பது இலக்கு. குடியரசுத் தலைவரா இருந்த அப்துல் கலாம் போன இடமெல்லாம் இந்தச் செடியைப் பற்றிப் பேசினார். ஒரு செடிக்கு ஒண்ணரை கிலோ, ஹெக்டேருக்கு 2,500 செடி, ஆக 3.75 டன் கொட்டைன்னு கணக்கு.

எங்க தாத்தாவுக்குத் திருமங்கலம் பக்கம் கரிசல் காடு. 2006ல் ஒரு கம்பெனி ஆளுங்க வந்து கன்னு கொடுத்தாங்க, கொட்டையை நாங்களே வாங்கிக்கிறோம்னு எழுதியும் கொடுத்தாங்க. பருத்தி போட்டுக்கிட்டிருந்த ரெண்டு ஏக்கர்ல காட்டாமணக்கு வச்சார். எனக்கு அப்போ ரெண்டு வயசு, அப்பா சொல்லித்தான் எனக்கு இது தெரியும். முதல் வருஷம் தண்ணி லாரியில வாங்கி ஊத்தினாராம். மழைக்காலத்துல கரிசல்ல தண்ணி நின்னு பாதிச் செடி வேர் அழுகிப் போச்சு. நின்ன செடியில மூணாவது வருஷம் காய்ச்சது சில சாக்குதான். அதுவும் எல்லாக் காயும் ஒண்ணாப் பழுக்காது, பறிக்கிற கூலி கொட்டை விலையைத் தாண்டும். எடுத்துட்டுப் போக ஃபோன் பண்ணினா கம்பெனி ஆபீஸே இல்ல. தாத்தா வெட்டி எறிஞ்சுட்டு மக்காச்சோளம் போட்டார். அந்தக் கடன் நகை மீட்டு முடிக்க ஆறு வருஷம் ஆச்சாம்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. தமிழ்நாட்டுக் காட்டாமணக்குத் தோட்டங்களைப் பற்றி 2010ல் வந்த ஒரு ஆய்வு, விளைச்சல் எதிர்பார்த்ததை விட ரொம்பக் குறைவு, தண்ணி வசதி இருந்தாதான் தேறும், ஏழை விவசாயிக்கு இதுல நஷ்டம்தான்னு சொல்லுது. பெரிய ஆளுங்களும் தப்பல. பி.பி. எண்ணெய் நிறுவனம் 2007ல் டி1 ஆயில்ஸோடு கூட்டு சேர்ந்து இந்தச் செடியில் இறங்கியது, 2009ல் விலகிவிட்டது.

என்ன தப்பு நடந்தது? வறட்சி தாங்குறது வேற, வறட்சியில காய்க்கிறது வேற. செடி சாகாம நிக்கும், ஆனா காய் வேணும்னா தண்ணியும் உரமும் கேக்கும். நல்ல ரகம் தேர்ந்தெடுத்து வளர்த்த பயிரே இல்ல அது, காட்டுச்செடி. ஒரு செடி காய்க்கும், பக்கத்துச் செடி சும்மா நிக்கும். பிண்ணாக்கு விஷம், மாட்டுக்குப் போட முடியாது. தரிசுன்னு அதிகாரிகள் எழுதின நிலத்துல ஆடு மேயுது, சீமைக்கருவேலம் வெட்டி அடுப்பெரிக்கிற குடும்பம் இருக்கு. கொட்டையைச் சாப்பிட முடியாதுங்கிறதால சோத்தோட போட்டி இல்லன்னு ஆகிடாது. போட்டி நிலத்துலயும் தண்ணியிலயும் இருக்கு.

டீசலோட நாலு வருஷம் ஞாபகம் இருக்கா? அவர் 73ன்னு எழுதினார், ஆனா 26.2ன்னு அளந்த பிறகுதான் வித்தார். அப்படி இருந்தும் இன்ஜின்கள் திரும்பி வந்தன. காட்டாமணக்குக்கு அந்த நாலு வருஷத்தைக் கூட யாரும் கொடுக்கல. 3.75 டன்னை அளந்து பார்க்கிற வேலை எங்க தாத்தா மாதிரி ஆளுங்க தலையில, அவங்க சொந்தக் காசுல விழுந்தது.

கடைசிப் பயணம்

1913 செப்டம்பர் 29ஆம் தேதி சாயங்காலம் டீசல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்கு டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, காலையில் 6.15க்கு எழுப்பச் சொல்லிவிட்டு கேபினுக்குப் போனார். காலையில் கதவைத் திறந்தால் ஆள் இல்ல. படுக்கை கலையவே இல்ல. தொப்பியும் கோட்டும் கப்பல் மேல்தளத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பல நாள் கழித்து ஒரு டச்சுப் படகு கடலில் ஒரு உடலைப் பார்த்தது. சட்டைப்பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டார்கள். அந்தப் பொருட்களைப் பார்த்து மகன் அப்பாதான் என்று உறுதி செய்தார்.

கொலை என்றும் சதி என்றும் நிறைய வதந்தி உண்டு. ஆனா அவர் டைரியில் அந்தத் தேதிக்கு நேரே ஒரு சிலுவைக் குறி இருந்தது. வெளியில் மாளிகையும் பெரிய பேருமா இருந்த மனுஷன், உள்ளே அடைக்க முடியாத கடனில் இருந்தார். அப்போ அவருக்கு வயது 55.

இதைப் படிச்சப்போ எனக்குப் பழைய நோட்டுப் புத்தகத்துல வட்டிக்கணக்கு எழுதிக்கிட்டிருந்த தாத்தாதான் ஞாபகம் வந்தார். ஒரு கணக்கு பேப்பர்ல சரியா வந்து நிஜத்துல வராமப் போனா, அதோட விலையை யாரோ ஒருத்தர் வீட்டுல கொடுக்கிறாங்க.

முடிவுரை எழுதும்போது

எங்க காட்டுல வெட்டாம விட்ட ஒரு வரிசைச் செடி இன்னும் வேலியா நிக்குது. ப்ராஜெக்ட்டுக்குக் கொட்டை அங்கதான் பொறுக்கினேன். நாலு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய். முதல் தடவை காரம் சேர்த்துக் கலக்கினா மொத்தமும் சோப்பாகிடுச்சு, எண்ணெயில அமிலம் ஜாஸ்தி. அப்புறம் முதல்ல ஆசிட் போட்டு அமிலத்தைக் குறைச்சு, பிறகு காரம் சேர்த்தோம். 20 சதவீதம் கலந்து லேப்ல இருக்கிற சிங்கிள் சிலிண்டர் இன்ஜின்ல ஊத்தினோம். ஓடுச்சு. நல்லாவே ஓடுச்சு. சந்தோஷமா இருந்தது, பொய் சொல்லல.

ஆக செடி மேல தப்பில்ல. வேலியில நிக்கிற செடியில கிடைக்கிறதை வச்சு ஒரு கிராமத்துல பம்ப்செட் ஓட்டலாம், விளக்கு எரிக்கலாம். டேராடூன் விஞ்ஞானிகள் தயாரிச்ச காட்டாமணக்கு எரிபொருள் கலந்து 2018 ஆகஸ்ட்ல டெல்லிக்கு ஒரு ஸ்பைஸ்ஜெட் விமானமே பறந்தது. மதுரையில பரோட்டாக் கடையிலயும் வடைக் கடையிலயும் மிஞ்சுற பழைய எண்ணெயிலயும் பயோடீசல் எடுக்கலாம், அதுக்கு ஒரு சென்ட் நிலம் கூட வேணாம். ஆனா பருத்தி விளையுற கரிசல்ல இதை வைங்கன்னு ஒரு விவசாயிகிட்ட சொல்ல என்கிட்ட இன்னும் எண் இல்ல.

நீங்களும் ஒருநாள் இந்த மாதிரி ரிப்போர்ட் எழுதுவீங்க. கடைசிப் பக்கத்துல எல்லாரும் எழுதுற அந்த ஒரு வரி, இது மிகுந்த நம்பிக்கை அளிக்கிறதுங்கிற வரி, உங்க விரல் நுனியிலயும் வந்து நிக்கும். நான் அதை அழிச்சுட்டு, லேப்ல என்ன அளந்தோமோ அதை எழுதினேன். கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்: ஏக்கருக்கு எவ்வளவு காய்க்கும் என்பது இந்த ஆய்வில் சோதிக்கப்படவில்லை. அறிமுகப் பகுதியில டீசலைப் பற்றின முதல் வரியையும் மாத்திட்டேன்.

வைவாவுல மேடம் அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு ஒண்ணும் சொல்லாம அடுத்த பக்கம் திருப்பினாங்க. எனக்கு அது போதும். தாத்தாகிட்டயும் படிச்சுக் காட்டினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட இந்த ஒரு வரி அப்பவே இருந்திருக்கலாமேன்னு மட்டும் கேட்டார்.